ஆணி அடிக்கக் கூடாத வீடு

அந்த வருடம் என் கணவர் மூன்று வீடு கட்டினார். ஒன்று ஏரிக்கரையில், ஒன்று காட்டுக்குள், ஒன்று பனிமலை ஓரம். நாங்கள் குடியிருந்தது மட்டும் செகந்திராபாத் பக்கம் அல்வாலில், வாடகை மாடியில்.

பேகம்பேட்டில் ஆபீஸ் முடிந்து வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றாமல் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிடுவார். டிராகன்களை வெட்டிச் சாய்க்கும் விளையாட்டு அது. டிராகனோடு நின்றிருந்தால் நானும் சும்மா இருந்திருப்பேன். அதற்குப் புதிதாக ஓர் எக்ஸ்பான்ஷன் வந்தது. அதை வாங்கி ஏற்றிக்கொண்டால் வீரர்கள் மனை வாங்கி வீடு கட்டலாமாம். உலகத்தைக் காப்பாற்றுகிற வேலையை அப்படியே போட்டுவிட்டு மனிதர் கொத்தனாராகிவிட்டார். மரம் அறுத்தார், களிமண் தோண்டினார், இரும்பை உருக்கி ஆணி செய்தார். கதவுக்கு ஆணி, அலமாரிக்கு ஆணி, தான் கொன்ற கரடியின் தலையைச் சுவரில் மாட்ட ஆணி. கிழக்குப் பக்கம் சமையலறை வைக்கலாமா, ஆயுத அறை வைக்கலாமா என்று என்னிடம் யோசனை வேறு கேட்டார். நிஜ வீட்டுக்கு ஒரு பக்கெட் வாங்கும்போதுகூட என்னைக் கேட்டதில்லை.

எனக்கு வேண்டியிருந்தது ஒரே ஓர் ஆணி. அப்பா இறந்து சில மாதங்கள் ஆகியிருந்தன. அவர் படத்துக்குச் சட்டம் போட்டு, புடவையில் சுற்றி, மதுரையிலிருந்து ரயிலில் மடியிலேயே வைத்துக் கொண்டுவந்தேன். கொண்டுவந்து வைத்த இடம் ஃப்ரிட்ஜின் தலை. துணைக்கு கரன்ட் பில்லும் கொசுவத்தி டப்பாவும்.

காரணம், கீழே இருந்த வீட்டுக்காரம்மா. தலைமுறை தலைமுறையாக செகந்திராபாத்தில் இருக்கும் தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பம், ரிடையரான டீச்சர். சுவர் என்றால் அவருக்கு உயிர். குடிவந்த அன்றே சொல்லிவிட்டார்: “ஆணி மட்டும் நக்கோம்மா, வேணவே வேணாம். எதுவானாலும் டேப் போட்டு ஒட்டிக்கோ.”

அப்பாவை டேப் போட்டு ஒட்டினேன். மறுநாளே விழுந்தார். கண்ணாடியில் விரிசல் விட்டு, மீண்டும் ஃப்ரிட்ஜுக்கே போனார்.

அந்தம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள் என்று கணவரிடம் சொன்னேன். கேட்கிறேன் என்றார். எத்தனை முறை சொன்னாலும் கேட்கிறேன் என்றுதான் சொன்னார். மலை உயர டிராகன் மேல் கத்தியோடு பாய்கிறவர், அந்தம்மா வாசலில் நின்றால் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு படியேறுவார். வீரத்தில் எத்தனை வகை!

முதல் வருடத் திதி ஒரு ஞாயிற்றுக்கிழமையில் வந்தது. சாமந்தி மாலை வாங்கிப் படத்துக்குப் போட்டேன். கணவர் பால் எடுக்க ஃப்ரிட்ஜைத் திறந்தார். மாலை கதவில் சிக்கி, அப்பா முன்னால் சாய்ந்தார். தாவிப் பிடித்துவிட்டேன். ஆனால் வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. நேரே கடைக்குப் போய் ஆணி வாங்கி வந்தேன். வீட்டில் சுத்தியல் கிடையாது. இஞ்சி தட்டும் இரும்புக் குழவியை எடுத்தேன்.

“கீழ கேக்கும்மா,” என்றார்.

“கேக்கட்டுங்க. எங்கப்பா இன்னும் எத்தன நாளைக்கு ஃப்ரிட்ஜு மேல இருப்பாரு?”

அவர் போய்க் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். இப்போதுமா என்று பல்லைக் கடித்தேன். வீடே அதிர டிராகன் உறுமியது. ஸ்பீக்கரை முழுச் சத்தத்தில் வைத்துவிட்டு, என்னைத் திரும்பிப் பார்த்து, அடி என்று தலையை ஆட்டினார்.

டிராகன் கத்தக் கத்த நான் அடித்தேன். சத்தத்தைக் குறைக்கச் சொல்லிக் கீழேயிருந்து குரல் வந்தது. ஆணியைப் பற்றி ஒன்றும் வரவில்லை.

படத்தை மாட்டி, மாலையைச் சரிசெய்து, தள்ளி நின்று பார்த்தேன். அப்பா நேராக என்னைப் பார்த்தார். அவர் போன அன்று வந்தவர்களுக்குக் காப்பி போடுவதிலேயே என் பொழுது போயிருந்தது. இப்போதுதான் அழுகை வந்தது. வாய்விட்டு அழுதேன்.

விரலில் அடித்துக்கொண்டேன் என்று நினைத்துக் கணவர் ஐஸ் எடுத்துக்கொண்டு ஓடிவந்தார். எந்த விரல் என்று பதறினார். ஏதோ ஒரு விரலை நீட்டினேன்.