பித்து தெளியக் குளித்தது

குற்றாலம் பேரருவியில் தண்ணீர் விழுகிறது என்ற செய்தி தென்காசியில் இருக்கிற எங்களுக்குத் தெரிவதற்கு முன்பே மதுரையில் இருக்கிற என் நாத்தனாருக்குத் தெரிந்துவிடும். லீவு முடிய நாலு நாள் இருக்கும்போது பிள்ளைகளையும் படுக்கையையும் கட்டிக்கொண்டு எங்கள் வீட்டில் வந்து இறங்குவாள். மற்றவர்களுக்கு அது சீசன், எனக்குத் தண்டனை. எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்று சும்மாவா சொன்னார்கள்.

என் மகளுக்கு அப்போது ஏழு வயது. பேச்சு கிடையாது. வேண்டியதை என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய்க் காட்டுவாள். தயிர்சாதம் தவிர வேறு எதையும் வாயில் வைக்க மாட்டாள். சத்தம் ஆகாது. தலையில் தண்ணீர் பட்டால் உயிர் போகிற மாதிரி அலறுவாள் என்பதால் ஈரத்துணியால்தான் துடைத்துவிடுவேன். இதற்கெல்லாம் ஒரு பெயர் உண்டென்று அந்தக் காலத்தில் யார் கண்டார்கள்? பித்து என்றார்கள், சாபம் என்றார்கள், தாய் வளர்த்த லட்சணம் என்றார்கள்.

மற்ற நாட்களில் பக்கத்துப் பள்ளிக்கூடத்து டீச்சர் காலையில் கொஞ்ச நேரம் அவளைக் கடைசி பெஞ்சில் உட்காரவைத்துக்கொள்வார். நான் மூச்சு விடுகிற நேரம் அதுதான். லீவு விட்டால் அதுவும் போச்சு. வீடு நிறைய ஆட்கள், கூச்சல். அவள் சுவரில் தலையை முட்டுவாள். அடுப்பில் இருபது தோசை, இடுப்பில் இவள். புறவாசலுக்குப் போய் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு அழுவேன். செத்துத் தொலையலாமா என்றுகூடத் தோன்றும். பிறகு இவளுக்கு யார் சோறு பிசைந்து கொடுப்பார்கள் என்று எழுந்து வருவேன்.

அந்த வருஷம் நாத்தனார் ஒரு பாட்டில் எண்ணெயோடு வந்தாள். தலையில் எண்ணெய் தேய்த்துக் குற்றாலத்து அருவியில் நிறுத்தினால் பித்து தெளியும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. எந்தெந்த ஊரிலிருந்தோ ஆட்களைக் கூட்டிவந்து, திமிறத் திமிறப் பிடித்து நிறுத்துவார்கள்.

“பிள்ளைய ஒரு தடவ நிப்பாட்டிப் பாத்துருவோம்” என்றாள்.

“வேண்டாம் மதினி. அவளுக்குத் தலையில தண்ணி ஆகாது. பயந்தே செத்துருவா.”

“நீ இப்பிடிப் பொத்திப் பொத்தி வச்சுத்தான் பிள்ள இந்த லட்சணத்துல இருக்கு.”

என் வீட்டுக்காரர் வெற்றிலையை மென்றுகொண்டே, “அக்கா நல்லதுக்குத்தான சொல்லுதா, கெளம்பு” என்றார். பெற்றவர் பேச்சு அவ்வளவுதான். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தானே தெரியும்.

அருவிக்கரைக்குப் போனதும் அந்த இரைச்சலிலேயே பிள்ளை காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். நாத்தனார் அவள் கையைப் பிடித்துப் பெண்கள் பக்கம் இழுத்தாள். பிள்ளை கடித்தாள். குளிக்க வந்திருந்த இரண்டு பெண்கள் உதவிக்கு வந்து காலைப் பிடித்துத் தூக்கினார்கள். கெஞ்சினேன், கும்பிட்டேன். யாரும் காதில் வாங்கவில்லை. தண்ணீருக்கும் அவளுக்கும் நாலடி தூரம் இருக்கும். குறுக்கே போய் விழுந்தேன்.

“அவள விட்டுருங்க. பித்து அவளுக்கில்ல, எனக்கு. அழுக நிக்க மாட்டேங்கு. கெணத்தப் பாத்தா குதிக்கத் தோணுது. என்னைய நிப்பாட்டுங்க.”

மூன்று பேரும் பிள்ளையைக் கீழே விட்டார்கள்.

“நானும் வந்ததுலேருந்து பாக்கேன், இவ மொகமே சரியில்ல” என்றாள் நாத்தனார். பிள்ளையைக் கொண்டுபோய் என் வீட்டுக்காரரிடம் கொடுத்து, நான் சொன்னதை அப்படியே ஒப்பித்துவிட்டு வந்தாள். பிள்ளையை அவர் அவ்வளவு நேரம் சேர்ந்தாற்போல வைத்திருந்தது அன்றைக்குத்தான். என் தலையில் எண்ணெயை ஊற்றி அரக்கித் தேய்த்தார்கள். ஆளுக்கொரு தோளைப் பிடித்து அருவிக்கடியில் நிறுத்தினார்கள். கல் விழுகிற மாதிரி விழுந்தது தண்ணீர். வாயைத் திறந்து ஓவென்று அழுதேன். அந்த இரைச்சலில் பக்கத்தில் பிடித்திருந்தவளுக்குக்கூடக் கேட்கவில்லை.

திரும்பும்போது பஸ்ஸில் அவர் கேட்டார்: “இப்ப எப்பிடி இருக்கு?”

“தெளிஞ்சிருக்கு” என்றேன். என் மடியில் உட்கார்ந்திருந்த பிள்ளையின் தலை காய்ந்திருந்தது.

அதற்குப் பிறகு சீசன்தோறும் என்னைத்தான் கூட்டிப்போனார்கள். பிள்ளையை யாரும் தொடவில்லை. தெருவில் எனக்குப் பைத்தியக்காரி என்று பெயர். அது போகட்டும். அன்றைக்கு நான் சொன்னதைக் கேட்டுக் கட்டின புருஷன்கூட, “ஏன் உனக்குக் கெணத்துல குதிக்கத் தோணுது?” என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.