பாண்டீஸ்வரி இஞ்சினைப் பிரித்த கதை

காரைக்குடி செக்காலை ரோட்டில் ஒரு கார் உதிரிபாகக் கடை. அதன் கவுன்டரில் பதினாறு வருடமாக நிற்பவள் பாண்டீஸ்வரி. எந்த வண்டிக்கு எந்த வாஷர் என்று பெட்டியைப் பார்க்காமலே எடுத்துக் கொடுப்பாள். ஆனால் ஒரு இஞ்சினைக்கூட அவள் திறந்ததில்லை. அவளுக்குத் தெரிந்ததெல்லாம் மெக்கானிக்குகள் செய்த தவறுகள்தான். வேலை ஒழுங்காக முடிந்தவர் திரும்பி வருவதில்லை. சொதப்பியவர் வருவார், நடந்ததை முழுக்கச் சொல்வார், இரண்டு பாகங்களுக்கு நடுவே கசியாமல் வைக்கிற கேஸ்கெட்தான் மட்டம் என்று சத்தியம் செய்வார். ஒருவர் அதைக் கவிழ்த்துப் போட்டிருப்பார். இன்னொருவர் பழையதைச் சுரண்டாமல் அதன் மேலேயே புதியதை வைத்திருப்பார். எல்லாவற்றையும் அவள் பொறுமையாகக் கேட்டுக்கொள்வாள்.

அவள் கணவன் மருதுபாண்டி, கொத்தமங்கலம் பக்கம் கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தர். பழைய மாருதி எண்ணூறு ஒன்றை வாங்கி, தினமும் துடைத்து வந்தான். ஒரு மே மாதக் காலையில் அவன் ரேடியேட்டருக்குள் ஒரு குடம் தண்ணீரைக் கவிழ்ப்பதைப் பாண்டீஸ்வரி பார்த்துவிட்டாள்.

"எத்தனை நாளா இப்படி ஊத்துறீக?"

"ஒரு வாரம் இருக்கும். வெயிலுக்கு வண்டிக்கும் தாகமெடுக்கும்ல?"

"ஒரு வாரமா?"

"பொங்கல்லருந்து."

அவள் ஆயில் மூடியைத் திறந்தாள். உள்ளே பால் கலந்த காபி நிறத்தில் எண்ணெய் அப்பியிருந்தது. இஞ்சின் பிளாக்குக்கும் அதன் தலைக்கும் நடுவே இருக்கும் ஹெட் கேஸ்கெட் கிழிந்து, தண்ணீர் எண்ணெயில் இறங்கிவிட்டது.

மெக்கானிக் முத்துவும் அதையேதான் சொன்னான். "அடுத்த வாரம் மாத்திப்புடலாம்க்கா" என்றான். நான்கு வாரம் அதையே சொன்னான். காளையார்கோவிலில் அவள் தம்பி சதீஷ்குமாரின் புதுவீட்டுக்குப் பால் காய்ச்ச நாள் குறித்தாயிற்று. காரில்தான் வருவோம் என்று மருதுபாண்டி மைத்துனனிடம் வாக்குக் கொடுத்திருந்தான்.

"நானே மாத்துறேன்" என்றாள் பாண்டீஸ்வரி.

மருதுபாண்டி சிரித்தான். அவள் சிரிக்கவில்லை என்று கண்டதும் பயந்துபோனான். "கேஸ்கெட் விக்கிறது வேற, மாத்துறது வேற."

"மாத்தத் தெரியாதவுகளுக்குத்தான பதினாறு வருசமா வித்துக்கிட்டிருக்கேன்."

ஞாயிற்றுக்கிழமை வாசலில் வண்டியின் பானட் திறந்தது. இத்தனை அளவுதான் என்று பார்த்து முறுக்குகிற டார்க் ரெஞ்சைக் கடை முதலாளியிடம் கேட்டு வாங்கி வந்திருந்தாள். கழற்றும் ஒவ்வொன்றையும் போனில் படமெடுக்கும் பொறுப்பு மருதுபாண்டிக்கு. பிளக் ஒயர்கள் மூன்றிலும் அவள் பேனாவால் நம்பர் போட்டாள். தலையைப் பிடித்திருந்த எட்டு போல்ட்டையும் வரிசை மாறாமல் இட்லித் தட்டுக் குழிகளில் அடுக்கினாள். அந்த வாரம் முழுக்க வீட்டில் தோசைதான்.

மத்தியானம் இருவருமாகத் தலையைத் தூக்கி இறக்கினார்கள். இரண்டாவது சிலிண்டருக்குப் பக்கத்தில் கேஸ்கெட் கருகி அறுந்திருந்தது. அறுந்த இடம் மொச்சைக்கொட்டை அளவுகூட இல்லை.

"இம்புட்டுக்கா இத்தனை குடம் தண்ணி?" என்றான் மருதுபாண்டி, ஏமாற்றமாக.

தலை லேசாக வளைந்திருந்ததால் லேத்துப் பட்டறைக்குப் போய், மட்டமாகி, வியாழக்கிழமை திரும்பி வந்தது. அடுத்த ஞாயிறு பூட்டும்போது முத்துவே வந்துவிட்டான். கவிழ்த்த வாளியில் உட்கார்ந்து டீ குடித்தபடி, "யக்கா, நடுவுலருந்து முறுக்கணும், ஓரத்துலருந்து போயிறாதீக" என்றான்.

"தெரியும் தம்பி. நேமத்தான்பட்டி வண்டிக்கு நீங்க ஓரத்துலருந்து முறுக்கித்தான மூணு கேஸ்கெட் வாங்கிட்டுப் போனீக?"

முத்து மீதி டீயைச் சத்தமில்லாமல் குடித்தான்.

புது ஆயில் ஊற்றி, தண்ணீர் நிரப்பி, அவள் சாவியைத் திருகினாள். இஞ்சின் சுழன்றது, பற்றவில்லை. மூன்றாம் முறை கார்புரேட்டர் டப்பென்று வெடித்தது. மருதுபாண்டி பக்கத்து வீட்டுச் சுவர் வரை போய் நின்றான்.

"டைமிங் பெல்ட் பல்லு மாறியிருக்கும். முழுசாப் பிரிக்கணும்க்கா" என்றான் முத்து. அவன் குரலில் கொஞ்சம் நிம்மதி தெரிந்தது.

பாண்டீஸ்வரி மறுபடி குனிந்தாள். பெல்ட் குறிகளைப் பார்த்தாள், சரியாக இருந்தன. போனில் படங்களைப் புரட்டினாள். இருநூற்றுச் சொச்சம் படங்களில் பாதியில் மருதுபாண்டியின் கட்டைவிரல்தான் இருந்தது. பிறகு பிளக் ஒயர்களைப் பார்த்தாள். பளபளவென்றிருந்தன.

"இதுல நம்பர் எழுதியிருந்தேனே?"

"அழுக்கா கெடந்துச்சு," என்றான் மருதுபாண்டி சுவரோரமாகவே. "மண்ணெண்ணெ போட்டுத் தொடச்சேன்."

முத்து சிரிப்பை அடக்க முகத்தை அங்குட்டுத் திருப்பிக்கொண்டான். ஒயரை மாற்றிச் சொருகிவிட்டு ஒயர் மேல் பழிபோட்டவர்களும் கடைக்கு நிறைய வந்திருக்கிறார்கள். சிலிண்டர்கள் பற்றும் வரிசையை ஒன்று, மூன்று, இரண்டு என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டு இரண்டு ஒயர்களை இடம் மாற்றினாள்.

சாவியைத் திருகியதும் இஞ்சின் பிடித்துக்கொண்டது. பானட்டுக்கடியிலிருந்து புகை கிளம்ப, மருதுபாண்டி வாளித் தண்ணீரோடு ஓடி வந்தான்.

"சிந்துன ஆயில் எரியுது. அத வைங்க கீழ."

அரைமணி நேரம் இஞ்சின் ஓடியது. புகை நின்றது. வெப்பமுள் பாதியில் போய் அப்படியே நின்றது. பாண்டீஸ்வரி சாப்பிடக்கூடப் போகாமல் கரிக்கையோடு முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அழுகை வரும்போல இருந்தது, ஆனால் முத்து இருந்தான். அவன் எழுந்து வந்து முள்ளைக் குனிந்து பார்த்தான். "நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனான். அவன் வேறு யார் வேலையையும் அப்படிச் சொன்னதாக ஊரில் பேச்சில்லை.

காளையார்கோவிலில் பந்தியில் உட்கார்ந்ததும் மருதுபாண்டி ஆரம்பித்தான். "நாங்கதான் மாப்ள இஞ்சினப் பிரிச்சோம். எட்டு போல்ட்டு. நடுவுலருந்து முறுக்கணும், ஓரத்துலருந்து போகக்கூடாது."

"கேஸ்கெட்டுன்னா என்ன மச்சான்?" என்றான் சதீஷ்குமார்.

மருதுபாண்டி அப்பளத்தைக் கையிலெடுத்து யோசித்தான். "அது தலைக்குக் கீழ இருக்கும்," என்றவன், மெதுவாக மனைவி பக்கம் திரும்பினான். "நீ சொல்லு. நானே பேசிக்கிட்டிருந்தா நல்லாவா இருக்கு?"

அவள் வாயிலிருந்ததை விழுங்கிவிட்டுச் சொல்லத் தொடங்கினாள். பந்தியில் எதிர்வரிசைக்காரர்களும் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். பாயசம் இரண்டாம் முறை வந்து போன பிறகும் அவள் முடிக்கவில்லை.