கியர் பெட்டிக்குக் கேட்ட பூ

எங்களிடம் எஞ்சின் ஒன்றுதான் இருந்தது. அதற்குக் கியர் பெட்டி இரண்டு இருந்தன. எதை மாட்டுவது என்று ஒரு மாதம் பேசினோம்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில் நடந்தது இது. மின்சாரம் வந்து, பீளமேட்டுப் பக்கம் மில்லுக்குமேல் மில்லாக எழும்பிக்கொண்டிருந்த காலம். நான் ஒரு மில் பட்டறையில் லேத் ஓட்டினேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். அரை, கால், அரைக்கால் என்பதையெல்லாம் இரும்பைக் கடைந்துதான் தெரிந்துகொண்டேன். என் தங்கையின் புருஷன், நான் மாப்பிள்ளை என்று கூப்பிடுகிறவர், இன்னொருவருடைய லாரியை ஆனைமலைக்கு மேலே தோட்டங்களுக்கு ஓட்டிக்கொண்டிருந்தார். போகும்போது அரிசி மூட்டை, வரும்போது தேயிலைப் பெட்டி. கிணறு வற்றி, அவர் வெள்ளாமை செய்த காடு தரிசாகக் கிடந்தது. சொந்தமாக ஒரு லாரி இருந்தால் பிழைத்துக்கொள்ளலாம் என்பது அவருடைய ஒரே நினைப்பு.

புது லாரி எங்களுக்கு எட்டாது. அதனால் ஒவ்வொன்றாகச் சேர்த்தோம். சக்கரமும் அச்சும் சட்டமும் ஒரு தோட்டத்துப் பழைய இரும்பிலிருந்து வந்தன. எஞ்சின், ஒரு துரை மரத்தில் மோதி ஒதுக்கிப்போட்ட பெரிய காருடையது. ஆறு சிலிண்டர். அதோடு ஒட்டியே அதன் கியர் பெட்டியும் வந்தது. மூன்று கியர், சின்னப் பெட்டி. இன்னொரு பெட்டியை நான் தேடிப் பிடித்தேன். உடைந்த லாரி ஒன்றிலிருந்து கழற்றியது. நான்கு கியர், ஆட்டுக்கல் கனம்.

தங்கை வீட்டு மாட்டுச் சாளையில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம்.

"ஒண்ணா ஓடிப் பழகின சோடிங்க மச்சான். இதை எதுக்குங்க பிரிக்கோணும்?" என்பார் மாப்பிள்ளை.

"அது துரை கறிகாய் வாங்கப் போன பெட்டிங்க. தேயிலை ஏத்திக்கிட்டு மலை எறங்கினா பல்லு நிக்காதுங்க."

"மச்சான், நீங்க ஆறிப்போன காப்பியவே ஊதி ஊதிக் குடிக்கற ஆளு. உங்களைக் கேட்டா நாலு காளை பூட்டி முன்னால ஓட்டச் சொல்லுவீங்க."

தங்கை தவிட்டைக் கரைத்துக்கொண்டே சிரிப்பாள். "எங்கண்ணன் நாளைக்கு வர்ற ரயிலுக்கு இன்னைக்கே போயி டேசன்ல உக்காந்துக்குவாருங்க. அவரு கிட்டப் போயிக் கேக்கறீங்களே."

சிரிக்கட்டும் என்றுதான் இருந்தேன். ஆனால் லேத்தில் நிற்கும்போதுகூட அந்தச் சின்னப் பெட்டியின் பற்கள் ஒவ்வொன்றாக உதிர்கிற மாதிரி எனக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது. பெரிய பெட்டிதான் தாங்கும். அதில் ஒரு சங்கடம்: எஞ்சினும் அதுவும் வேறு வேறு வண்டியில் பிறந்தவை. இரண்டுக்கும் நடுவில் ஒரு கனத்த தகட்டைக் கடைந்து மாட்டி, அச்சு அச்சோடு நேராக நிற்கும்படி செய்ய வேண்டும். அதை நான் செய்துவிடுவேன் என்றேன். மாப்பிள்ளை ஒப்பவில்லை.

கடைசியில் தங்கைதான் சொன்னாள்: "எதுக்குங்க இத்தனை மல்லு? பூக் கேட்டுப்போடலாமுங்க."

கிணறு வெட்ட, பெண் எடுக்க, மாடு விற்க, எங்கள் பக்கத்தில் பூக் கேட்காமல் செய்கிறவர்கள் குறைவு. வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம். வெளியே பார்த்தால் ஒன்றுபோல இருக்கும்படி இலையில் மடித்து, அம்மன் முன்னால் வைத்து, ஒன்றை எடுத்துப் பிரிக்க வேண்டும். எது வருகிறதோ அது வாக்கு. வெள்ளை வந்தால் லாரிப் பெட்டி, சிவப்பு வந்தால் கார்ப் பெட்டி என்று மூன்று பேரும் ஒத்துக்கொண்டோம். பொட்டலம் கட்டுகிற வேலை வீட்டுக்கு மூத்தவன் என்று எனக்கு வந்தது.

வெள்ளிக்கிழமை காலையில் சாளைக்குப் பின்னால் தனியாக உட்கார்ந்து கட்டினேன். முதல் இலையில் வெள்ளை அரளியை வைத்து நாரால் கட்டினேன். இரண்டாவது இலையில் செவ்வரளியை வைத்தேன். எடுத்தேன். திரும்ப வைத்தேன். பிறகு அதை வேலிக்கு அப்பால் எறிந்துவிட்டு, அந்த இலையிலும் வெள்ளையையே வைத்துக் கட்டினேன். அம்மனை ஏமாற்ற வேண்டும் என்று நினைக்கவில்லை. அம்மன் தவறிப்போய்விடுவாளோ என்று பயந்தேன்.

கோயிலில் தங்கைதான் எடுத்தாள். கண்ணை மூடிக்கொண்டு, வலது கையை நீட்டி, எதைத் தொடுவது என்று தெரியாமல் இரண்டின் மேலும் கையை அலையவிட்டு, இடப்பக்கம் இருந்ததை எடுத்தாள். பூசாரி பிரித்தார். வெள்ளை.

"இன்னொண்ணையும் பிரிச்சுக் காட்டட்டுங்களா?" என்றார் பூசாரி.

"வாக்குக் குடுத்த பொறகு சோதிக்கக் கூடாதுங்க" என்று சொல்லி, மற்றதை எடுத்து மடியில் செருகிக்கொண்டேன்.

மாப்பிள்ளை தலையைச் சொறிந்தார். "ஆத்தாளே மச்சான் கட்சிக்குப் போயிட்டாளுங்க. இனி நான் என்னத்தப் பேசறது?" அதற்குப் பிறகு அவர் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. அன்று முதல் லாரிப் பெட்டியை ஒரு நாள்கூடக் குறை சொல்லவில்லை.

தகட்டைக் கடைந்தேன். முதல் தடவை மாட்டிப் பார்த்தபோது சரியாகத்தான் நின்றது. அப்போதே விட்டிருக்க வேண்டும். எனக்கு மனசு கேட்கவில்லை. கழற்றினேன், அளந்தேன், மாட்டினேன், மறுபடி கழற்றினேன். ஒரு துளையைக் கொஞ்சம் அராவினேன். அதற்கு ஈடாக எதிர்த் துளையையும் அராவினேன். ஏழெட்டுத் தடவை ஆனதும் வட்டமாக இருந்த துளைகள் முட்டை வடிவத்துக்கு வந்துவிட்டன. கால் நூல் விலகல், ஒரு நகக் கனம். அதைப் போல்ட்டை இறுக்கிச் சரிக்கட்டினேன்.

வண்டி ஓடியது. பலகை அடித்து, பச்சை வர்ணம் பூசி, முன்னால் எலுமிச்சம்பழம் கட்டி, முதல் நாள் மூன்று பேரும் கோயில்வரை போய்விட்டு வந்தோம். மூன்றாம் கியரில் போகும்போது ஒரு முனகல் கேட்டது. பெரிய சத்தமில்லை. நோய்க்காரர் தூக்கத்தில் முனகுவாரே, அப்படி.

"என்னங்க மச்சான் அது?" என்றார் மாப்பிள்ளை.

எதைப் பார்த்தாலும் பயப்படுகிற நான் அன்றைக்குச் சொன்னேன்: "புதுசா சேந்ததுங்க. பழகப் பழகச் சரியாப் போயிரும்."

அவர் சந்தோஷப்பட்டுவிட்டார். "நீங்களே பயப்படலீன்னா அப்புறம் பயமே இல்லீங்க" என்று சொல்லிச் சிரித்தார்.

தகட்டைக் கழற்றிப் புதிதாகக் கடைய நான்கு நாள் போதும். ஆனால் எதற்கு என்று கேட்பார்கள். அம்மனே சொன்ன பெட்டி முனகலாமா என்று தங்கை கேட்பாள். அந்தக் கேள்விக்குப் பக்கத்தில் போக எனக்குத் தைரியம் இல்லை. நான்கு மாதம் அந்த முனகலோடேயே வண்டி மலை ஏறி இறங்கியது. அது மலைக்குப் போன நாளெல்லாம் லேத்தில் நான் வெட்டியது எதுவும் அளவுக்கு வரவில்லை.

ஐப்பசியில் ஒரு நாள், மத்தியானச் சங்கு ஊதி நாங்கள் கை கழுவிக்கொண்டிருந்தபோது ஆள் வந்தது. வண்டி கொண்டை ஊசித் திருப்பத்தில் திரும்பாமல் நேராகப் பள்ளத்தில் போய்விட்டது. நான் போய்ச் சேர்ந்தபோது மாப்பிள்ளையைப் பாறை மேல் கிடத்தி வேட்டியால் மூடியிருந்தார்கள். சுற்றிலும் தேயிலை சிந்தி மழையில் ஊறி, அந்த இடமே தேத்தண்ணீர் வாசம் அடித்தது. போலீசார் பிரேக் பிடிக்கவில்லை என்று எழுதிக்கொண்டார்கள்.

நான் வண்டிக்குள் தலையை விட்டுப் பார்த்தேன். கியர்க் கம்பி எந்தக் கியரிலும் இல்லாமல் நடுவில் நின்றது. நான் விட்ட அந்தக் கால் நூல் விலகலில், பாரத்தோடு இறங்கும்போது மூன்றாம் கியர் தானாகவே கழன்றிருக்கிறது. எஞ்சின் பிடித்து நிறுத்தாவிட்டால் அந்தச் சரிவில் எந்தப் பிரேக்கும் நிற்காது. அந்த வேகத்தில் ஓடுகிற வண்டியில் திரும்பக் கியர் விழாது. கம்பியின் உருண்டைப் பிடி அதில் இல்லை. இழுத்து இழுத்துப் பார்த்திருக்கிறார்; பிடி கையோடு வந்துவிட்டது. வலது கை விரல்களைப் பிரித்து அதை வெளியே எடுத்தது நான்தான்.

கார்ப் பெட்டியை மாட்டியிருந்தால் தப்பியிருப்பாரா? தெரியாது. அதுவும் என்றைக்காவது பல் உடைந்திருக்கலாம். பல வருஷம் இதை மட்டுமே நினைத்துக் கழித்தேன். அந்தப் பெட்டி அதே சாளையில் சாக்கு போர்த்திக் கிடந்தது.

தங்கை கோயிலுக்குப் போவதை விட்டுவிட்டாள். அம்மனைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை. அவள் பழி போட்டது வேறு இடத்தில் என்று எனக்குத் தெரிய இரண்டு வருஷம் ஆயிற்று.

காட்டில் புதுக் கிணறு வெட்ட இடம் பார்த்தோம். கிழக்கா மேற்கா என்று பூக் கேட்க வேண்டும். அவள் காடு, அவளே எடுக்கட்டும் என்றேன். இந்தத் தடவை ஒன்று வெள்ளையும் ஒன்று சிவப்புமாகவே கட்டியிருந்தேன். அவள் இரண்டு கைகளையும் முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"என்ற கை வேண்டாமுங்ண்ணா. அன்னைக்கு இந்தக் கை மொதல்ல வலப்பக்கத்துப் பொட்டலத்தைத்தானுங்க தொட்டுது. அப்புறம் மாத்தி எடுத்துப்போட்டேன். தொட்டதையே எடுத்திருந்தா அவரு இருந்திருப்பாருங்க."

"அம்மணி, அது உன்ற கை செஞ்சதில்லை."

"பின்னே யாருங்ண்ணா செஞ்சாங்க?"

அவள் என் முகத்தையே பார்த்தாள். சும்மா கேட்கவில்லை, பதில் வேண்டித்தான் கேட்டாள். நான் குனிந்து பொட்டலத்து நாரை அவிழ்த்து, சரியாக இருந்த முடிச்சைத் திரும்ப ஒரு தடவை கட்டினேன். அவள் கை வெளியே தெரியாமல் வீட்டுக்கு நடந்தாள்.

அந்தக் கிணற்றுக்கு நானே பூ எடுத்தேன். நல்ல தண்ணீர் வந்தது. சாகும்வரை அவள் அதில் வலது கையால் ஒரு குடம் சேந்தி நான் பார்க்கவில்லை.