அக்கி ஊசியும் அக்காவின் கும்மியும்

அறுபத்தாறு வயதில் என் அக்கா வள்ளி கும்மி ஆடக் கற்றுக்கொண்டாள். ஐம்பத்து மூன்று வயதில் நான் கற்றுக்கொண்டது, அக்காவை ஒத்திகைக்குக் காரில் கொண்டுபோய் விடுவது.

போன வருஷ அரங்கேற்றத்துக்கு முந்தின வாரம், அக்காவோடு ஜோடியாக ஆடும் ஒரு அம்மாவுக்கு இடுப்பைச் சுற்றி அக்கி வந்துவிட்டது. நாட்டு வைத்தியமாகக் கொப்புளத்தின் மேல் காவியில் சிங்கப் படம் எழுதிக்கொண்டு, மூன்று நாள் காத்திருந்த பிறகுதான் அவர் டாக்டரிடம் போனார். கொப்புளம் ஆறியது, எரிச்சல் மாதக்கணக்கில் ஆறவில்லை. “ஆடறதை உடுங்க, சேலை பட்டாலே உசுரு போகுதுங்க” என்று அழுதார்.

அதற்குத் தடுப்பூசி இருக்கிறது என்று இந்த வருஷந்தான் அக்காவுக்குத் தெரிந்தது. உடனே தொண்டாமுத்தூரிலிருந்து கிளம்பிக் கோயமுத்தூரில் என் வீட்டுக்கு வந்துவிட்டாள். இந்த வருஷ அரங்கேற்றத்துக்கு ஐந்தே நாள். டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன்.

டாக்டர் பொறுமையாகச் சொன்னார்: “சின்ன வயசுல சின்னம்மை வந்திருக்குமுங்க. அந்தக் கிருமி நரம்புக்குள்ளயே தூங்கிட்டிருக்கும். வயசாகி எதிர்ப்புச் சக்தி குறைஞ்சா, அக்கியா எந்திரிக்குமுங்க.”

நம் ஊரில் யாரும் ‘போறேன்’ என்று சொல்வதில்லை, ‘போய்ட்டு வாரேனுங்க’தான். சின்னம்மைக்கும் அந்த மரியாதை தெரிந்திருக்கிறது.

“ஊசி ரெண்டு தவணைங்க. ஒண்ணு ரெண்டு நாள் கை வலிக்கும், காய்ச்சல் அடிக்கலாம்” என்றார் டாக்டர்.

அக்காவின் முகம் வாடியது. “கை தூக்க முடியலீன்னா கும்மி எப்புடீங்க அடிக்கறது?”

“இடது கையிலதானுங்க போடறோம்.”

“கும்மிக்கு ரெண்டு கையும் வேணுமுங்களே!”

இந்த இடத்தில் நான் புகுந்தேன். நாலு புத்தகம் படித்தவனல்லவா? அறிவியல், துணிச்சல், மனிதகுல முன்னேற்றம் என்று பத்து நிமிஷம் பேசினேன். கேட்டு முடித்த டாக்டர், “அம்பது தாண்டிட்டீங்கல்ல, உங்களுக்கும் போட்டரலாமுங்களா?” என்றார்.

“சரிங்க” என்றேன்.

கோயமுத்தூர்க்காரன் சொல்லும் ‘சரிங்க’ சம்மதமல்ல. எதிரில் இருப்பவர் பேசி முடித்தால் இருமல் மாதிரி தானாக வருவது. டாக்டருக்கு அது புரிந்திருக்கலாம். ஊசி போட வந்த நர்ஸம்மா திருநெல்வேலிப் பக்கம்; அப்படியே நம்பிவிட்டார். மறுத்தால் மரியாதையாக இருக்காதே என்று சட்டைக் கையைச் சுருட்டினேன்.

“கண்ணு, கண்ணை மூடிக்கோ” என்று அக்கா என் தோளைத் தட்டினாள். அவள் அதற்குள் ஊசி போட்டு முடித்திருந்தாள்.

மறுநாள் நான் காய்ச்சலோடு போர்வைக்குள் கிடந்தபோது அக்காவின் போன் வந்தது. “எனக்குக் காய்ச்சல் இல்லே, கைதான் காது வரைக்கும் வருது, அதுக்கு மேல ஏறலே” என்றாள். குரலில் பயம். அடுத்த நாள், “தலை வரைக்கும் வருதுடா.” மூன்றாம் நாள் போனே இல்லை, ஒத்திகைக்குப் போய்விட்டாளாம்.

ஞாயிற்றுக்கிழமை கோயில் மைதானத்தில் நூறு பச்சைச் சேலைகள் சுற்றின. உடம்பு தேறிவந்த ஜோடிக்காரம்மாவும் அக்காவும் பக்கத்தில் பக்கத்தில். இரண்டு மணி நேரம் ஆடினார்கள். பாட்டுச் சொன்ன வாத்தியாருக்குத்தான் மூச்சு வாங்கியது.

என்னைக் கடக்கும்போது அக்கா கத்தினாள்: “ஏந்தம்பி சும்மா நிக்கறே? கை இன்னுமா வலிக்குது?”

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் கைதட்ட ஆரம்பித்தேன். தாளம் ஒன்றுகூடச் சேரவில்லை. அதற்கு ஊசியைக் குறை சொல்ல முடியாது.