வெடிக்கலாம் என்று எழுதினேன்

ஆவடி சேக்காட்டில் கேஸ் அடுப்பு ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். சர்வீஸுக்கு ஆளே வராததால் வாடிக்கையாளர்களுக்கெல்லாம் ஒரு மெயில் அனுப்பினேன். "உங்கள் சமையலறை நாளை வெடிக்கலாம்!" என்பதுதான் தலைப்பு.

மறுநாள், ஃப்ளாட்டில் குடியிருக்கும் ஐடி இளைஞர் ஒருவர் கோபமாக வந்தார்.

"என்னண்ணா இப்படி எழுதியிருக்கீங்க? எங்கம்மா அடுப்பையே பத்த வைக்க மாட்டேங்கறாங்க."

நான் வாய் திறப்பதற்குள், பழைய கேஸ் டியூபோடு அண்ணனூரிலிருந்து வந்திருந்த ஒரு அக்கா குறுக்கிட்டார்.

"அவர இன்னாத்துக்கு நைனா திட்ற? அந்த மெயில பாத்துதான் எங்க ஊட்டு டியூப தொட்டுப் பாத்தேன். எவ்ளோ வெடிப்பு கீது பாரு!"

அக்காவுக்குப் புது டியூப் எடுத்துக் கொடுத்துவிட்டு, மாலையில் வந்து அடுப்பைப் பார்ப்பதாக இளைஞரிடம் சொன்னேன்.

மாலையில் அந்த இளைஞரின் வீட்டுக்குப் போனேன். அடுப்பில் ஒரு குறையும் இல்லை. நானே பற்றவைத்துக் காட்டியும் அவருடைய அம்மா சமையலறைக்குள் வரவில்லை.

"நீங்கதானேப்பா வெடிக்கும்னு எழுதினீங்க?" என்றார்.

அந்த வீட்டில் இப்போது கரண்ட் அடுப்புதான்.

அடுத்த மெயில் எழுத உட்கார்ந்தால் கை ஓடவில்லை. பயமுறுத்தாமல் எழுதியிருந்தால் அக்கா அந்த டியூபைத் தொட்டுப் பார்த்திருப்பாரா? எனக்கு இன்னும் விளங்கவில்லை.