ஓவேலிக்கு முழுக் கோடு கொடுத்தவர்

“நல்ல சேதியோ கெட்ட சேதியோ, இனி இந்த ஓவேலியில ஒருத்தர்கூட நடந்து போய்ச் சொல்ல வேண்டியதில்லீங்க. எல்லாம் நம்ம கடை போன் பார்த்துக்கும். வேணும்னா எழுதி வெச்சுக்கங்க!”

இந்தப் பிரகடனம் வெளியானது ‘ஆறுக்குட்டி செல் கேர்’ திறப்பு விழாவில். கூடலூரை அடுத்த ஓவேலியில், பேருந்து நிற்கும் இடத்துக்கு எதிரே விழா நடந்தது. கேட்டவர்கள் ஏழு பேர். அவர்களில் மூன்று பேர் பேருந்துக்காக நின்றவர்கள். எழுதி வைத்துக்கொள்ள யாரிடமும் பேனா இல்லாததால் அந்தப் பொறுப்பு நம் தலையில் விழுந்திருக்கிறது.

ஆறுக்குட்டி அன்னூர் பக்கத்துக்காரர். அங்கே தண்ணீர் மோட்டாருக்குக் காயில் கட்டிக்கொண்டிருந்தார். மலைமேல் மக்கள் செல்போனுக்கு வைத்தியம் பார்க்க ஆளில்லாமல் தவிப்பதைக் கேள்விப்பட்டு மனம் தாளாமல் கிளம்பி வந்ததாக அவர் சொல்வார். அவர் கட்டிக்கொடுத்த மோட்டார்களில் நான்கு ஒரே கோடையில் புகைந்ததும் ஒரு காரணம் என்று அவருடைய மனைவி சாந்தாமணி சொல்வார். வரலாற்றில் இப்படி இரண்டு கருத்துகள் இருப்பது வழக்கம்தான்.

ஓவேலியில் ஒரு போனின் மதிப்பைக் கேமராவை வைத்து யாரும் எடை போடுவதில்லை. திரையின் மூலையில் சிக்னலுக்கு எத்தனை கோடு நிற்கிறது என்பதுதான் பேச்சு. ஒற்றைக் கோட்டுக்காரர் போனைச் சட்டைப் பையிலிருந்து எடுக்கவே கூசுவார். நான்கு கோட்டுக்காரர் டீக்கடை மேசையில் அதை மல்லாத்தி வைத்துவிட்டு வேறு பக்கம் பார்ப்பார். மாப்பிள்ளை வீட்டுக்குப் போன இடத்தில் மாப்பிள்ளையின் போனில் எத்தனை கோடு என்று ஓரக்கண்ணால் எண்ணிய மாமனார்களும் உண்டு. ஆறுக்குட்டியின் கடைக்கு வந்த புகார்களில் முக்கால்வாசி இதைப் பற்றியதுதான்.

“மொதலாளி, எதுத்த லயத்துக்காரிக்கு மூணு கோடு, எனக்கு மட்டும் ஒண்ணா? போன விக்கிறப்ப இளிச்ச வாயி இப்ப எங்க போச்சு?”

இப்படிக் கேட்டவர் லயம் எனப்படும் தோட்டத்து வரிசை வீடுகளில் ஒன்றில் குடியிருந்த தெய்வம்மா. இலங்கைத் தோட்டத்திலிருந்து கைக்குழந்தையாகப் பெற்றோரோடு கப்பலேறி வந்தவர். இப்போது தினக்கூலிக்குக் கொழுந்து பறிக்கிறார். உடன்பிறந்தவர் என்று அவருக்கு ஒரே ஓர் அண்ணன், காத்தமுத்து. பைக்காரா பக்கம் கிளென்மார்கனில், எஸ்டேட் வேலையை விட்டு ஓய்ந்து, மனைவி வாசுகியோடு இருந்தார். அண்ணனுக்கும் தங்கைக்கும் மாதக்கணக்கில் பேச்சில்லை. இந்தியாவுக்கு வந்து இறங்கியபோது மண்டபம் முகாமில் அவர்கள் அப்பாவுக்குக் கொடுத்த குடும்ப அட்டை அண்ணனின் பெட்டியில் இருந்தது. மகளின் சாதிச் சான்றிதழுக்காகத் தெய்வம்மா அதைக் கேட்டார். அண்ணன் ஆற அமரத் தேடி எடுப்பதற்குள் விண்ணப்பத்துக்குக் கெடு முடிந்துவிட்டது. “இனி நீயா கூப்புட்டா பேசுறேன். நானா கூப்புட மாட்டேன்” என்று சொல்லிவிட்டு வந்தவர், அன்றிலிருந்து அந்த ஒரு போனுக்காகக் காத்திருந்தார். ஆகவே அவருக்குக் கோடு என்பது வெறும் அந்தஸ்து விவகாரம் இல்லை.

இந்த வேளையில்தான் கூடலூர் விநியோகஸ்தரிடமிருந்து ஷிஜோ என்கிற மலையாளி விற்பனைப் பிரதிநிதி ஒரு பெட்டி போனோடு வந்து இறங்கினான். யாரும் கேள்விப்படாத கம்பெனி. பெரிய திரை, சின்ன விலை. கடையில் வைத்துப் பார்த்தால் ஒற்றைக் கோடு.

“என்ன ஷிஜோ, பெட்டி மேல 4ஜின்னு கொட்டை எழுத்துல போட்டிருக்குது, உள்ளே ஒத்தைக் கோடு நிக்குது?”

“சேட்டா, மோடம் நல்ல மோடமாணு. 4ஜியில பேச அதுக்கு அறியும். பட்சே நம்ம டவர் கம்பெனி இந்த மாடலுக்கு இன்னும் ஓகே சொல்லலை. அதனால பேச்சுக்காக போன் பழைய 2ஜியிலயே நிக்கும். இங்க 2ஜி கொறச்சுதான் உண்டு.”

“ஓகே சொல்ல வேண்டியது ஆரு?”

“டவர்க்காரன் போன்காரனைச் சொல்லும். போன்காரன் டவர்க்காரனைச் சொல்லும். அடுத்த அப்டேட்ல சரியாகும் சேட்டா, டென்ஷன் வேண்டா.”

இந்த இடத்தில் வாசகருக்கு விஞ்ஞானத்தை விளக்குவது நம் கடமை. போனுக்குள் நகக்கண் அளவில் மோடம் என்று ஒரு சில்லு இருக்கிறது. போனுக்குக் காதும் வாயும் அதுதான். அதன் நிலைமை புதிதாகக் கல்யாணமாகி வந்த பெண்ணின் நிலைமை. பேசத் தெரியும்; பேசலாம் என்று பெரியவர்கள் சொல்ல வேண்டும். பிறந்த வீடாகிய போன் கம்பெனியும் புகுந்த வீடாகிய டவர் கம்பெனியும் கூடி உட்கார்ந்து, சோதித்துப் பார்த்து, சம்மதித்தால்தான் 4ஜியில் அது வாய் திறக்கும். பெரிய இடத்துச் சம்பந்தமாக இருந்தால் போன் கடைக்கு வருமுன்பே எல்லாம் பேசி முடித்திருப்பார்கள். இல்லாதப்பட்ட கம்பெனியின் போனுக்கு யார் பந்திப்பாய் விரிப்பது? ஆறுக்குட்டி இரண்டு பக்கத்து வாடிக்கையாளர் சேவைக்கும் பேசிப் பார்த்தார். இவர் அவரைக் கேட்கச் சொன்னார். அவர் இவரைக் கேட்கச் சொன்னார். கடைசியில் இருவருமே ஆறுக்குட்டிக்கு இந்த நாள் இனிய நாளாக அமைய வாழ்த்தினார்கள்.

சம்பந்திகள் முகத்தைத் திருப்பிக்கொண்ட பிறகு ஆறுக்குட்டி தாமே களத்தில் இறங்கினார். போனில் ஒரு ரகசிய எண்ணை அடித்தால் மறைந்திருக்கும் பட்டியல் ஒன்று திறக்கும். அதில் ‘4ஜி மட்டும்’ என்று ஒரு வரி. தட்டினார். ஒற்றைக் கோடு நான்கு கோடாக நிமிர்ந்தது.

“அம்மணி, இங்க ஓடியா! ஓவேலிக்கே விடிஞ்சுபோச்சு!”

சாந்தாமணி கையைத் துடைத்துக்கொண்டு வந்து பார்த்தார். “கோடு சரிங்க. பேச்சு?”

“வாட்ஸாப்புல பேசிக்கலாமல்லோ.”

“சும்மா நம்பரைப் போட்டுக் கூப்பிட்டா?”

“இந்தக் காலத்துல ஆரு அம்மணி நம்பரைப் போட்டுக் கூப்பிடறாங்க? இருந்திருந்து நீயொருத்தி.”

விசாரணைக் குழு அத்துடன் கலைக்கப்பட்டது.

அந்த மாடலில் நாற்பத்து மூன்று போன்கள் விற்றன. ‘4ஜி மட்டும்’ என்று பூட்டிய போனுக்கு டவர் வழியாக அழைப்பும் வராது, குறுஞ்செய்தியும் வராது. வாட்ஸாப் ஓடும், படம் ஓடும். வங்கியிலிருந்து ஓடிபி வரவில்லை என்று யாராவது வந்தால் ஆறுக்குட்டி அவர்களுடைய சிம்மைக் கழற்றித் தம் போனில் போட்டு, எண்ணை வரவழைத்துச் சொல்லி அனுப்புவார். இந்தச் சேவைக்குக் கட்டணம் வாங்குவதில்லை. தங்கமான மனிதர் என்று பெயர் பரவியது. ஏன் வரவில்லை என்பது அந்தத் தங்கத்துக்குத் தெரிந்தே இருந்தது என்பதையும் இங்கே பதிவு செய்துவிடுவது முறை.

தெய்வம்மாவும் பழைய போனைக் கொடுத்துவிட்டுப் புதியதை வாங்கினார்.

“இப்ப எத்தனைங்கம்மா?”

“நாலு மொதலாளி! இனி எதுத்த லயத்துக்காரி என் மூஞ்சில முழிக்கட்டும் பாப்போம்.”

கொழுந்து பறிக்கும்போது அந்தப் போனைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டார். ஐந்து மாதம் தொங்கியது. அண்ணனின் வீட்டில் இருந்ததோ ஒரே ஒரு பட்டன் போன். வாட்ஸாப் அதற்குத் தெரியாது. முன்பு ஒற்றைக் கோடு இருந்த காலத்தில், அண்ணன் கூப்பிட்டிருப்பார், டவர்தான் கிடைத்திருக்காது என்று மனதைத் தேற்றிக்கொள்ள ஒரு வழி இருந்தது. நான்கு கோடு வந்த பிறகு அந்த வழியும் அடைபட்டுப்போயிற்று.

ஐப்பசி மழையில் ஒரு நாள் காத்தமுத்துவின் பக்கத்து வீட்டு முனியசாமி பேருந்தில் வந்து இறங்கி, நனைந்துகொண்டே தெய்வம்மாவின் லயத்துக்குப் போனார்.

“ஏம்மா, செத்த வீட்டுக்கு வரக்கூடவா ஒரு ரோஷம்? எத்தன பேரு மாத்தி மாத்தி அடிச்சோம், ஒன் போனு போகவே இல்லை. நிறுத்தி வச்சிட்டியா?”

அடக்கம் முந்தின நாளே முடிந்திருந்தது. கூடப் பிறந்தவள் வாய்க்கரிசி போடாமல் காத்தமுத்துவை எடுத்துப் போயிருந்தார்கள்.

கிளென்மார்கனுக்குப் போய் அழுதுவிட்டு வந்த மறுநாள் தெய்வம்மா கடைக்கு வந்தார். போனைக் கழுத்திலிருந்து கழற்றி மேசைமேல் வைத்தார்.

“மொதலாளி, அண்ணன் சாவுக்கு எல்லாரும் அடிச்சாங்களாம். எனக்கு வரலை. ஏன்?”

ஆறுக்குட்டி போனை எடுத்துக்கொண்டு திரும்பி நின்றார். ரகசிய எண்ணை அடித்து, பூட்டை எடுத்தார். நான்கு கோடும் சரிந்து ஒன்றானது. தவறிய அழைப்புகளைப் பற்றிய தகவல் ஏதாவது வருமா என்று பார்த்தார். டவர் கம்பெனி அத்தகைய தகவலை ஓரிரு நாள்தான் வைத்திருக்கும். வந்தவை இரண்டு ரீசார்ஜ் விளம்பரங்கள்.

“அன்னைக்கு மழைங்கம்மா. டவர் கோளாறு ஆயிப்போச்சுங்க. அந்த ஒரு நாளு மட்டும்.”

“அன்னைக்கு மட்டுமா?”

“ஆமாங்க.”

“அப்ப அதுக்கு முந்தி நல்லாத்தானே இருந்துச்சு. நாலு கோடு இருந்துச்சே.” தெய்வம்மா போனை எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டார். “அப்படின்னா அவருதான் கூப்புடலை. படுத்த படுக்கையிலகூட எம்மேல மனசு எறங்கலை பாருங்க.”

அதற்கு ஆறுக்குட்டியிடம் பதில் இருந்தது. அதற்கு மட்டும் கோடு கிடைக்கவில்லை.

அடுத்த பத்து நாளில் அவர் இரண்டு திரைகளை உடைத்தார், ஒரு சிம்மைத் தொலைத்தார். தமக்கு உயிரான அவித்த மொச்சையைக்கூடத் தொடவில்லை. ஓவேலியில் இது கவலைக்கிடமான அறிகுறி. சாந்தாமணி கேட்டுக் கேட்டு விஷயத்தை வாங்கினார்.

“அந்தக் கோட்டைப் போட்டது நீங்க. போய் அந்தம்மாகிட்ட உள்ளதைச் சொல்லிப்போட்டு வாங்க.”

“என்னன்னு சொல்லட்டும்? அவங்கண்ணன் கூப்பிட்டாரா இல்லியான்னு எனக்கே தெரியாதல்லோ.”

“தெரிஞ்சுக்கிட்டு வந்து சொல்லுங்க.”

ஞாயிற்றுக்கிழமை கடைக்குப் பூட்டுப் போட்டுவிட்டு, கூடலூர் போய், நடுவட்டம் வழியாக ஊட்டிப் பேருந்தேறி, பைக்காராவில் இறங்கி, விசாரித்து விசாரித்துக் கிளென்மார்கன் போய்ச் சேர்ந்தார். வாசுகி வாசலில் விறகு காயவைத்துக்கொண்டிருந்தார்.

“நீங்க யாருங்க?”

“ஓவேலியில போன் கடைக்காரனுங்க. அவரு வெச்சிருந்த போனை ஒருக்கா பார்க்கோணுமுங்க.”

வாசுகி பட்டன் போனைக் கொண்டுவந்து கொடுத்தார். அந்தப் போன் கடைசியாக அடித்த இருபது எண்களை நினைவில் வைத்திருந்தது. ஆறுக்குட்டி ஒவ்வொன்றாக இறக்கிப் பார்த்தார். சாவன்று மற்றவர்கள் தங்கள் போனில்தான் அடித்திருந்தார்கள்; இதில் இருந்ததெல்லாம் அதற்கு முந்தியவை. இருபதில் ஒன்பது இடத்தில் ‘தங்கச்சி’ என்று இருந்தது.

“ஆடிப் பண்டிகைக்கு மொதல்ல கூப்புட்டாரு” என்றார் வாசுகி. “தொடர்பு எல்லைக்கு வெளியேன்னு அந்தப் பொம்பள சொல்லுவா. ‘கோவத்துல நிறுத்தி வச்சிருக்கா, நாளைக்கு எடுப்பா’ம்பாரு. எழுந்திருக்க முடியாம படுத்த பெறகு என்னைய அடிச்சுத் தரச் சொன்னாரு. இவ்வளவு திமிரான்னு அவளை நாந்தான் ஏசினேன்.”

“அவங்க நிறுத்தலீங்க. நான்தான் நிறுத்திப்போட்டேன்.”

ஆறுக்குட்டி மோடத்தைப் பற்றி விளக்க முயன்றார். பாதியில் தமக்கே புரியாமல் நிறுத்தினார். வாசுகி போனைத் திரும்ப வாங்கி, முந்தானையால் துடைத்து, இடுப்பில் செருகிக்கொண்டு விறகைத் திருப்பிப் போடப் போனார்.

மாலையில் ஓவேலி பேருந்து நிறுத்தத்தில் இறங்கியபோது மழை பிடித்துக்கொண்டது. சாந்தாமணி குடையோடு நின்றார்.

“தெய்வம்மா போன்ல இப்ப ஒத்தைக் கோடு இருந்தாலும் மணி அடிக்குமல்லோ? அடிச்சுச் சொல்லிப்போடுங்க. மூணு கிலோமீட்டர் ஏத்தம், அட்டைப்பூச்சி வேற.”

ஆறுக்குட்டி எண்ணைப் போட்டார். பத்துப் பன்னிரண்டு நாளாக அந்தப் போன் சரியாகத்தான் வேலை செய்தது. முதல் மணி தெளிவாகக் கேட்டது. இரண்டாவது மணிக்குள் துண்டித்தார். போனைச் சாந்தாமணியிடம் கொடுத்து, குடையை வாங்கிக்கொண்டு, தேயிலைக்கு நடுவே போகும் பாதையில் ஏறினார். தொழில் நுணுக்கம் அறிந்தவர்கள் இந்த முடிவை ஒப்புக்கொள்வது கடினம்.

தெய்வம்மா கதவைத் திறந்தபோது ஆறுக்குட்டியின் வேட்டி முழங்கால் வரை செம்மண்ணாக இருந்தது. கணுக்காலில் ரத்தம் வழிந்தது.

“என்னா மொதலாளி இது, இந்த மழையிலயா? ஒரு போன் போட்டிருக்கலாமே.”

“கிளென்மார்கன் போய்ட்டு வாரேனுங்கம்மா.” மூச்சு வாங்கியது. “உங்கண்ணன் கூப்பிட்டாருங்க. ஒன்பது வாட்டி கூப்பிட்டிருக்காருங்க. டவர் கோளாறுன்னு நான் சொன்னது பொய்யிங்க. நான் போட்ட கோட்டாலதான் உங்களுக்கு வரலீங்க.”

தெய்வம்மா கதவைப் பிடித்தபடியே நின்றார். “எத்தன வாட்டி?” என்றார்.

ஆறுக்குட்டி குடையை மடக்கிவிட்டு, முதலிலிருந்து சொன்னார்.