காக்கா மார்க்கு மட்டைகள்

ராயபுரத்தில் கப்பலுக்குத் தார்ப்பாய் தைக்க யாரிடம் போவது என்று துறைமுகத்தின் எந்த வாசலில் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். என் பட்டறைக்குத்தான் வழி காட்டுவார்கள். பதினெட்டு மிஷின் ஓடுகிறது. நான் படித்தது இரண்டாம் வகுப்பில் பாதி. மீதிப் பாதியைப் படித்திருந்தால் இன்னும் பதினெட்டு மிஷின் சேர்த்திருப்பேனா என்று கேட்டால், சேர்த்திருக்க மாட்டேன். இருக்கிற பதினெட்டையும் படிப்பு இல்லாமல் நானேதான் சேர்த்தேன்.

பட்டறை வாசலில் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு பழைய மிஷின் இருக்கிறது. அது என் அம்மாவுடையது. அது ஒரு முறை எங்கள் வீட்டை விட்டுப் போய்த் திரும்பி வந்தது. மாமாவின் சாமர்த்தியத்தால் வந்தது என்று என் தம்பிமார் சொல்லித் திரிகிறார்கள். அவர்கள் அப்போது பிறக்கவேயில்லை. நடந்தது எனக்குத்தான் தெரியும்.

சுதந்திரம் வந்து மூன்று நான்கு வருடம் ஆகியிருக்கும். எங்கள் வீடு எண்ணூரில். அப்பா துறைமுகத்தில் கரி இறக்கப் போய்விடுவார். அம்மா மிஷினில் படகுகளுக்குப் பாய் தைப்பாள். அம்மாவின் தம்பி, என் மாமா, கோல்ஃப் மைதானத்தில் துரைமாருக்கு மட்டைப் பை தூக்கினார். கடலுக்கும் உப்பங்கழிக்கும் நடுவில் கம்பெனித் துரைமார் ஒன்பது குழி வெட்டி வைத்திருந்தார்கள். குழியைச் சுற்றிப் புல் நிற்காத மண் என்பதால் மணலில் எண்ணெய் கலந்து தட்டி வைத்திருப்பார்கள். அந்த எண்ணெய் மணலில் செருப்போடு கால் வைத்தால் மாமா என்னை முறைப்பார். மைதானமே தன்னுடையது என்பதுபோல நடப்பார்.

துறைமுகத்தில் யாரும் வந்து எடுக்காத சரக்கை அப்போதெல்லாம் பெட்டி பெட்டியாக ஏலம் விடுவார்கள். அப்படி ஒரு பெட்டியை வண்ணாரப்பேட்டை காயலான் கடை பாய் ஏலத்தில் எடுத்தார். உள்ளே மெழுகுத்தாள் சுற்றிய கோல்ஃப் மட்டைகள், தலை இரும்பு, தண்டும் இரும்பு. உருக்கப் போடத்தான் வைத்திருந்தார். அதை மாமா பார்த்துவிட்டார். பாயின் பெண்ணுக்குக் கல்யாணம் நெருங்குகிறது, சீருக்கு ஒரு தையல் மிஷின் தேவை என்பதும் மாமாவின் காதில் விழுந்தது. அம்மா உறவுக்காரர் வீட்டு விசேஷத்துக்குப் போன அன்று, மிஷினைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு மட்டைப் பெட்டியோடு வந்து இறங்கினார்.

"அக்கா, ஒரு மட்டையை வித்தா நீ மூணு மிஷின் வாங்கலாம். நீ ராணி மாரி குந்திகினு இருக்கப் போற" என்றார்.

அடுத்த நாள் மைதானத்தில்தான் விஷயம் வெளியானது. முதல் துரை மட்டையைத் திருப்பி முத்திரையைப் பார்த்தார். ஏதோ ஒரு பறவை, எங்கள் கண்ணுக்குக் காக்கா. அதற்குக் கீழே ஒரு பெயர். அப்படி ஒரு கம்பெனியைத் தான் கேள்விப்பட்டதே இல்லை என்று சொல்லிவிட்டார். இரண்டாவது துரை, பெயரில் என்ன இருக்கிறது என்று கையில் வாங்கி நின்றவர், குனிந்து பார்த்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார். விளையாட்டுக்கு ஒரு முறை மட்டையின் முதுகால் அடித்தும் பார்த்தார். பந்து பக்கவாட்டில் போய்க் கழியில் விழுந்தது. மூன்றாமவர், தோட்டக்காரனிடம் கொடு, களை கொத்துவான் என்றார்.

அத்தனையும் இடது கைக்காரர் மட்டை. மட்டையின் தட்டை முகம் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம்தான் பந்து போகும். இவற்றின் முகம் தப்பான பக்கம் இருந்தது. ஆறு வருடம் பை தூக்கிய மாமாவுக்கு இது தெரியாதா என்று கேட்பீர்கள். பை தூக்குகிறவன் மட்டையை ஓங்கினால் அன்றோடு வேலை போய்விடும். ஆகவே மாமா ஒரு நாளும் அதைப் பிடித்து நின்றதில்லை. எப்போதும் துரைக்கு எதிரில் நின்று பார்த்தவர். எதிரில் நிற்கிறவன் கண்ணுக்கு முகம் எந்தப் பக்கம் தெரியுமோ, அந்தப் பக்கமே பாயின் கிடங்கில் மாமா கையிலும் தெரிந்தது. சரியான மட்டை என்று சந்தோஷமாக மிஷினைத் தூக்கிக் கொடுத்துவிட்டார்.

மாமா திரும்பப் போய்ப் பாயிடம் கெஞ்சினார். பாய் நல்ல மனிதர். "தம்பி, வர்ற வெள்ளிக்கிழமை வரைக்கும் மிஷின் இங்கியே கீது. அதுக்குள்ள மிஷின் வாங்குற துட்டக் கொண்டா, இதை எடுத்துகினு போ. அப்பால பொண்ணோட போயிடும். பொண்ணோட போனதத் திருப்பிக் கேக்கக் கூடாது" என்றார்.

அம்மா அழவில்லை. கோணி ஊசியால் கையிலேயே பாய் தைக்க ஆரம்பித்தாள். இரண்டே நாளில் விரலெல்லாம் பொத்தல். "மிஷின் இல்லாம இந்த வூட்டாண்ட வராத" என்று மாமாவைத் துரத்திவிட்டு, மைதானத்துக் கொட்டகையில் படுத்துக் கிடந்தவருக்கு என்னிடம் சோறு கொடுத்தனுப்பினாள். "நான் குடுத்தன்னு சொல்லாத. மிச்சம் இருந்துதுன்னு சொல்லு."

அப்படிச் சோறு கொண்டுபோன என்னைப் பற்றி ஒரு விஷயம் சொல்ல வேண்டும். எனக்கு எட்டு வயது. எனக்கு எல்லாமே இடது கை. அதற்காகத்தான் வாத்தியார் விரல் முட்டியில் ஸ்கேலால் அடித்தார். அடியின் தழும்பு வந்தது, படிப்பு வரவில்லை. ஒரு நாள் ஸ்கேலைப் பிடுங்கி வீசிவிட்டு வெளியே வந்தவள் திரும்பிப் போகவில்லை. வீட்டில் அம்மா, புடவைக் கிழிசலால் என் இடது மணிக்கட்டைப் பாவாடை நாடாவோடு கட்டி வைத்திருந்தாள். பீச்சாங்கைப் பெண்ணை எவன் கட்டிக்கொள்வான் என்ற கவலை அவளுக்கு.

மைதானத்தில் ஒரு இன்ஜினியர் துரை இருந்தார். சவுக்குத் துரை என்பது பை தூக்குகிறவர்கள் வைத்த பெயர். எந்தக் குழியைப் பார்த்து அடித்தாலும் அவர் பந்து சவுக்குத் தோப்புக்குத்தான் போகும். முள்ளில் தேடிச் சாகவேண்டும் என்று யாரும் அவர் பையைத் தொட மாட்டார்கள். வியாழக்கிழமை காலை சோற்றுத் தூக்கோடு உட்கார்ந்திருந்த நான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். தீக்குச்சியை இடது கையால் கிழித்தார். சீட்டில் இடது கையால் எழுதினார். மட்டையை மட்டும் மற்ற துரைமார் மாதிரியே பிடித்து நின்றார். பந்து சவுக்குக்குள் போயிற்று.

"மாமா, அந்தத் தொரை பீச்சாங்கை. மட்டைய அவருக்குக் குடு."

"தொரைக்கு ஏதும்மே பீச்சாங்கை? அவுங்களுக்கு ரெண்டும் ஒரே கைதான். அந்தக் கையிலதான் முள்ளுக் கரண்டி புடிச்சுத் துன்றாங்க, பாத்துக்கிறியா நீ? பேஜாரு பண்ணாத, ஓரமாக் குந்து."

விடிந்தால் வெள்ளிக்கிழமை, பாய் சொன்ன கெடு. எனக்கு அம்மாவின் விரல்தான் கண்ணில் நின்றது. வலது கையால் நாடாவிலிருந்த முடிச்சை அவிழ்த்தேன். பெட்டியிலிருந்து ஏழாம் நம்பர் மட்டையை உருவினேன். ஏன் ஏழு என்றால், பள்ளியில் ஏழு வரைக்கும் கற்றுக்கொண்டுதான் வெளியே வந்தேன். மட்டை என் மார்பு வரை இருந்தது. யாருடையதோ ஒரு பந்தைக் கீழே போட்டு, சவுக்குத் துரையின் கண்ணெதிரில் நின்று, இடது கையை நம்பி ஓங்கி அடித்தேன்.

பேரப்பிள்ளைகளிடம் சொல்லும்போது பந்து கழியைத் தாண்டியது என்பேன். உங்களிடம் உண்மையைச் சொல்கிறேன். முப்பது அடி போயிருக்கும். ஆனால் நேராகப் போனது. அதை எவனும் மறுக்க முடியாது.

மாமா ஓடிவந்து என் காதைப் பிடித்தார். தன் வேலை போயிற்று என்று அவர் முகம் வெளுத்துவிட்டது. துரை கையைக் காட்டி அவரை நிறுத்தினார். மட்டையை என்னிடமிருந்து வாங்கி, முத்திரையைக்கூடப் பார்க்காமல், பிடித்த கையை மாற்றிப் பிடித்து, என்னைப்போலவே பக்கம் மாறி நின்றார். முதல் அடி மணலைப் பறக்கவிட்டது. இரண்டாவது புரண்டு ஓடியது. மூன்றாவதில் பந்து எழும்பியது. சவுக்குத் தோப்பைப் பார்க்காமல் கொடி நட்ட குழியைப் பார்த்துப் போயிற்று. பை தூக்குகிறவர்கள் எல்லாரும் எழுந்து நின்றுவிட்டார்கள். அவர் ஒவ்வொரு மட்டையாகக் கேட்டு வாங்கி வெயில் ஏறும் வரை அடித்தார்.

அன்றே துரை மிஷின் விலையைக் கொடுக்க, பெட்டி கைமாறியது. மறுநாள் பாயின் கிடங்கிலிருந்து மிஷின் மாட்டு வண்டியில் வந்தது. அம்மா சக்கரத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "சோறு துன்றியாடா" என்று மாமாவைக் கேட்டாள். என் கையை அதற்குப் பிறகு கட்டவில்லை. கட்டியிருந்த கிழிசலை மிஷினுக்கு எண்ணெய் துடைக்க வைத்துக்கொண்டாள்.

இன்னொரு வேடிக்கை. சவுக்குத் துரை ஒவ்வொரு ஞாயிறும் மற்றவர்களைத் தோற்கடிக்க ஆரம்பித்ததும், சிரித்த அந்த மூன்று துரைமாரும் ஒவ்வொருவராக மாமாவைத் தனியே கூப்பிட்டு, அந்தக் காக்கா மார்க்கு இன்னொரு செட்டு கிடைக்குமா என்று கேட்டார்களாம். "அது லேசுல கெடைக்கிற சரக்கு இல்ல தொரை" என்று மாமா கொஞ்ச காலம் கெத்தாகத் திரிந்தார்.

ஆனால் அந்த வியாழக்கிழமையில் சொல்லாமல் விட்ட ஒன்று இருக்கிறது. அடித்து முடித்ததும் துரை என்னைக் கூப்பிட்டார். என் மணிக்கட்டில் கிழிசல் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்தார். என் விரல் முட்டியில் இருந்த தழும்புகளைப் பார்த்தார். பிறகு மண்டியிட்டு, தன் இடது கையை என் கைக்குப் பக்கத்தில் நீட்டி வைத்தார். அந்தச் சிவந்த முட்டிகளிலும் வெள்ளை வெள்ளையாகக் கோடுகள் இருந்தன. மாமாவுக்குத் தெரிந்த இங்கிலீஷில் அதற்கு வார்த்தை இல்லை.

துரையின் ஊரிலும் வாத்தியார் உண்டு, அந்த வாத்தியார் கையிலும் ஸ்கேல் உண்டு என்று எனக்கு யார் சொன்னார்கள்? யாருக்குக் கோடு அதிகம் என்று என்னோடு போட்டிக்கு வருகிறார் என்றே நினைத்தேன். ஒவ்வொன்றாக எண்ணினேன். அவருக்கு மூன்று, எனக்கு நான்கு. ஜெயித்துவிட்டேன் என்று நான்கு விரலையும் அவர் முகத்துக்கு நேரே ஆட்டிக் காட்டிச் சிரித்தேன். அவர் ஏன் சிரிக்கவில்லை என்று வீடு வரைக்கும் யோசித்துக்கொண்டே போனேன்.